டிஎஸ்ஏ திறந்த பெட்டிக்குள் வீணை உடைந்திருந்தால்: எஸ்எஃப்-95 கிளைம் படிவம் நிரப்பும் முறை

அமெரிக்காவில் விமானம் ஏறும்போது நாம் கவுன்ட்டரில் போடும் பெட்டிகளைச் சோதிப்பது டிஎஸ்ஏ எனப்படும் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம். 2001 நவம்பரில் வந்த சட்டத்தால் உருவான மத்திய அரசு அமைப்பு அது. ஸ்கேனர் படத்தில் ஏதாவது புரியாவிட்டால் பெட்டியை ஓரங்கட்டி, உரியவர் இல்லாமலே திறந்து பார்ப்பார்கள். பலாமரக் குடம், உலோகக் கம்பிகள், மெழுகுப் பாளத்தில் பதித்த 24 மெட்டுகள் எல்லாம் சேர்ந்த வீணைப் பெட்டி திறக்கப்படுவதில் ஆச்சரியம் இல்லை. திறப்பதால் வீணைக்கு ஒன்றும் ஆகாது. நுரை மெத்தைகளை இடம் மாற்றி வைத்துவிட்டு மூடியை அழுத்தும்போதுதான் யாளி முகம் ஒடிகிறது, குடத்தில் விரிசல் விழுகிறது.

இப்படி நடந்தால் அமெரிக்க அரசிடம் இழப்பீடு கேட்கலாம். அரசு ஊழியரின் கவனக்குறைவால் வந்த நஷ்டத்துக்கு ஈடு கேட்க வழி தந்திருப்பது 1946-ஆம் ஆண்டின் ஃபெடரல் டார்ட் கிளைம்ஸ் சட்டம். அதற்கு நிரப்ப வேண்டிய படிவம்தான் எஸ்எஃப்-95. குடியுரிமை இல்லாதவர்களும், பேரப்பிள்ளையைப் பார்க்க விசிட்டர் விசாவில் வந்து திரும்பும் பெற்றோரும்கூடக் கேட்கலாம். வக்கீல் வைத்தாக வேண்டும் என்றில்லை. கேட்கப்படும் தகவல்கள் சரியாகப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். கீழே எடுத்துக்கொண்டிருக்கும் உதாரணம் நெவார்க்கிலிருந்து சென்னைக்கு வரும் வீணை. சூட்கேஸ், கேமரா, தையல் மிஷின் எதுவானாலும் முறை ஒன்றே.

படி 1: யார் கையில் உடைந்தது?

கிளைம்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான். நெவார்க்கில் ஒப்படைத்த பெட்டி விமான நிறுவனத்தின் ஆட்கள், டிஎஸ்ஏ, இடையில் மாறும் விமான நிலையம், சென்னை லோடர்கள், சென்னைக் கஸ்டம்ஸ் என்று பல கை மாறுகிறது. டிஎஸ்ஏ தன் ஊழியரின் கவனக்குறைவுக்கு மட்டுமே பொறுப்பேற்கும்.

பெட்டியைக் கையால் சோதித்திருந்தால் உள்ளே ஓர் அச்சிட்ட சோதனை அறிவிப்புச் சீட்டு வைப்பார்கள். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆனால் அந்தச் சீட்டு சொல்வது பெட்டி திறக்கப்பட்டது என்பதை மட்டும்தான். உடைத்தது யார் என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும், அதற்குச் சேதத்தின் தன்மை உதவும். பெட்டியின் வெளி ஓடு நசுங்கி, அதே இடத்தில் உள்ளே குடமும் பிளந்திருந்தால் அது தூக்கிப் போட்டதன் விளைவு. விமான நிறுவனத்திடம் போக வேண்டிய கேஸ். வெளி ஓட்டில் கீறல்கூட இல்லை, உள்ளே கழுத்துக்கு அடியில் இருந்த நுரைத் துண்டு கால்மாட்டில் கிடக்கிறது, யாளி ஒடிந்திருக்கிறது என்றால் விரல் டிஎஸ்ஏ பக்கம் நீள்கிறது. மெட்டுகள் மட்டும் சரிந்து மெழுகு இளகியிருந்தால் அது வெயிலின் வேலை. அதற்கு யாரிடமும் பணம் கேட்டுப் பெறுவது கடினம்.

இரண்டு விதிவிலக்குகளை இங்கேயே பார்த்துவிடலாம். சான் ஃபிரான்சிஸ்கோ, கேன்சஸ் சிட்டி போன்ற சில விமான நிலையங்களில் சோதனை செய்வது டிஎஸ்ஏ ஊழியர்கள் அல்ல, ஒப்பந்தம் எடுத்த தனியார் நிறுவனம். ஒப்பந்ததாரரின் தவறு மேலே சொன்ன சட்டத்துக்குள் வராது. அந்த நிறுவனத்திடமே கிளைம் போட வேண்டும். இரண்டாவது, சென்னையிலிருந்து அமெரிக்கா போகும் பயணம். சென்னையில் பெட்டியைச் சோதிப்பது டிஎஸ்ஏ இல்லை. அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரில் பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி போடுகிறீர்களே, அதற்குப் பிறகுதான் டிஎஸ்ஏ வருகிறது. நேரடி விமானத்தில் வந்து இறங்கியவருக்கு டிஎஸ்ஏ மேல் கிளைம் போட இடமே இல்லை.

படி 2: பெல்ட்டுக்குப் பக்கத்திலேயே செய்ய வேண்டியவை

வீட்டுக்குப் போய் நிதானமாகத் திறந்து பார்க்கலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். பெல்ட்டிலிருந்து எடுத்ததும் மூடிய பெட்டியை நான்கு பக்கமும் படம் எடுங்கள். திறந்ததும் எதையும் தொடாமல் ஒரு படம், சீட்டு கிடக்கும் இடத்தோடு ஒரு படம், உடைந்த இடத்தைப் பக்கத்தில் ஒரு ஸ்கேலோ நாணயமோ வைத்து ஒரு படம். ஒப்படைக்கும் முன் நெவார்க் கவுன்ட்டரில் எடுத்த படமும் இருந்தால் கிளைமில் பாதி வேலை முடிந்தது. வீணையோடு பயணம் செய்பவர்கள் இதைப் பழக்கமாகவே வைத்துக்கொள்ளலாம்: நுரை எப்படி அடுக்கியிருக்கிறது என்று தெரியும்படி ஒரு படம், மூடிய பிறகு ஒன்று.

அங்கேயே விமான நிறுவனத்தின் பேக்கேஜ் கவுன்ட்டரில் சேத அறிக்கை பதிவு செய்து நகல் வாங்குங்கள். சர்வதேசப் பயணத்துக்கான மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, சேதமான பெட்டி பற்றிய எழுத்துப் புகார் பெட்டியைப் பெற்ற 7 நாளுக்குள் விமான நிறுவனத்துக்குப் போயாக வேண்டும். டிஎஸ்ஏவுக்கு 2 ஆண்டு அவகாசம் இருக்கிறது என்ற தைரியத்தில் இந்த 7 நாளைக் கோட்டைவிட்டால், பிறகு டிஎஸ்ஏ கைவிரிக்கும்போது போக வேறு இடம் இருக்காது. இரண்டு இடத்திலும் கேட்கலாம், ஒரே சேதத்துக்கு இரண்டு முறை பணம் வாங்கத்தான் கூடாது.

போர்டிங் பாஸ், பெட்டியின் டேக் எண் உள்ள ஒட்டுச்சீட்டு, டிக்கெட், இவற்றையும் படம் எடுத்து வையுங்கள். டேக் எண்தான் உங்கள் பெட்டியையும் நீங்கள் சொல்லும் விமானத்தையும் இணைக்கும் ஒரே கயிறு.

படி 3: இரண்டு மதிப்பீடுகள்

படிவத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் விதி இது. சரிசெய்யக்கூடிய பொருள் என்றால், சம்பந்தமில்லாத இரண்டு நம்பகமான கடைகளிடமிருந்து, இனம் இனமாகப் பிரித்துக் கையெழுத்திட்ட மதிப்பீடுகள் வேண்டும். ஏற்கெனவே சரிசெய்து பணமும் கொடுத்துவிட்டீர்கள் என்றால் அதேபோலப் பிரித்துக் கையெழுத்திட்ட ரசீது போதும். சரிசெய்யவே முடியாத பொருள் என்றால் வாங்கிய விலை, வாங்கிய தேதி, சேதத்துக்கு முன்னும் பின்னும் அதன் மதிப்பு ஆகியவை வேண்டும். 15 வருடம் பழகிய சூட்கேஸுக்குப் புதுச் சூட்கேஸ் விலையைப் போடுகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

வீணைக்குத் தஞ்சாவூர்ப் பட்டறைகளில் மதிப்பீடு கேட்டால், துண்டுக் காகிதத்தில் ‘வீணை ரிப்பேர் 24,000’ என்று எழுதித் தந்துவிடக்கூடும். அது உதவாது. பட்டறையின் பெயர் அச்சிட்ட தாளில், தேதியோடு, இப்படி இருக்க வேண்டும் (எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை): குடத்தின் இடப்பக்கம் 11 செ.மீ. விரிசல், திறந்து ஒட்டிப் பாலிஷ் போட ரூ.17,000, மெழுகு எடுத்து 24 மெட்டுகளையும் மறுபடி கட்ட ரூ.6,800. கீழே கையெழுத்து, முத்திரை. தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து வையுங்கள். ஆசாரி உங்கள் சித்தப்பாவாக இருந்தால் வேறு பட்டறைக்குப் போங்கள்.

டாலரில்தான் கேட்க வேண்டும். ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 17,000 ரூபாய் 200 டாலர், 6,800 ரூபாய் 80 டாலர். எந்தத் தேதியின் மாற்று விகிதம் என்பதையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

கச்சேரி அடுத்த வாரம், காத்திருக்க முடியாது என்றால் சரிசெய்துவிடுங்கள். அதற்கு முன் படங்கள் முழுமையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். மாற்றிய பாகங்களைத் தூக்கிப் போடாமல் ஒரு பையில் கட்டி வையுங்கள்.

படி 4: படிவத்தின் கட்டங்கள்

எஸ்எஃப்-95 என்பது டிஎஸ்ஏவுக்கு மட்டும் உரிய படிவம் அல்ல. தபால் வண்டி உங்கள் காரை இடித்தாலும் இதே படிவம்தான். பெட்டி உடைந்ததற்கும் திருமணம் ஆனவரா என்ற கேள்விக்கும் என்ன சம்பந்தம் என்று குழம்ப வேண்டாம். எல்லா இலாகாவுக்கும் பொதுவாக அடித்த படிவம், அதனால் அப்படி. டிஎஸ்ஏ இதனுடன் பயண விவரங்களுக்காக ஒரு துணைத் தகவல் படிவத்தையும் கேட்கும். இரண்டும் அதன் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எஸ்எஃப்-95 தாளில் ஓஎம்பி (அமெரிக்க அரசின் நிர்வாக, பட்ஜெட் அலுவலகம்) எண் 1105-0008 என்று அச்சிட்டிருக்கும். மத்திய அரசு பொதுமக்களிடம் தகவல் கேட்கும் படிவங்களில் இப்படி ஓர் எண் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். எண்ணே இல்லாத ‘கிளைம் ஃபார்ம்’ மின்னஞ்சலில் வந்தால் சந்தேகப்படுங்கள்.

கட்டம் 2, உரிமையாளரின் பெயர். வீணை அம்மாவுடையது என்றால் கிளைமும் அம்மாவுடையது. நியூ ஜெர்சியில் இருக்கும் மகன் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் செல்லாது. அவர் பிரதிநிதியாக நிற்க வேண்டுமானால் அதற்கான அதிகாரப் பத்திரத்தை இணைத்து, அம்மாவின் பெயரால், தான் பிரதிநிதி என்று குறிப்பிட்டுக் கையெழுத்திட வேண்டும். அம்மாவே கையெழுத்துப் போடுவது சுலபம்.

கட்டம் 6-இல் கேட்பது சம்பவ நாள். சென்னையில் பார்த்த தேதியை எழுதிவிடுவது சகஜமான பிழை. நெவார்க்கில் பெட்டியை ஒப்படைத்த தேதி, அமெரிக்க நேரப்படி. கட்டம் 7-இல் செக்-இன் நேரத்தை எழுதுங்கள்.

கட்டம் 8-இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். கோபம் கலக்காமல், ஆங்கிலத்தில், இந்த அளவில்: ‘இந்தத் தேதியில் நெவார்க்கில் இந்த நேரத்தில் இந்த டேக் எண்ணுள்ள பெட்டியை ஒப்படைத்தேன். அப்போது வீணை சேதமின்றி இருந்தது (படம் 1, 2). சென்னையில் திறந்தபோது சோதனைச் சீட்டு உள்ளே இருந்தது (படம் 5). கழுத்தைத் தாங்கிய நுரை வேறு இடத்தில் இருந்தது (படம் 6). பெட்டியின் வெளிப்புறத்தில் சேதம் இல்லை (படம் 3, 4). குடத்தில் 11 செ.மீ. விரிசல் (படம் 7).’ ஒவ்வொரு வரியும் ஒரு படத்தைச் சுட்டுகிறது பாருங்கள். உலக விமானப் பாதுகாப்பு பற்றிய கருத்துகளுக்கு இங்கே இடமில்லை.

கட்டம் 9-இல் பொருளின் விவரத்தோடு அதை எங்கே வந்து பார்க்கலாம் என்ற முகவரியும் வேண்டும். கட்டம் 15 முதல் 19 வரை காப்பீடு. பயணக் காப்பீடு இருந்து, அதில் கேட்டிருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். பொய்க் கிளைமுக்கு 5,000 முதல் 10,000 டாலர் வரை அபராதம், அதற்கு மேல் அரசுக்கான நஷ்டத்தைப் போல மூன்று மடங்கு என்று படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறது.

இனி, கட்டம் 12. இதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள். 12ஏ சொத்துச் சேதம், 12பி உடல் காயம், 12சி மரணம், 12டி மொத்தம். நம் உதாரணத்தில் 280 டாலர் 12ஏ-யிலும், அதே 280 மொத்தத்திலும். ‘சுமார் 300’, ‘300-க்குக் குறையாமல்’, ‘மதிப்பீடு வந்ததும் தெரிவிக்கிறேன்’ என்றெல்லாம் எழுதினால் குறிப்பிட்ட தொகை இல்லை என்று கிளைமே செல்லாமல் போகும். மற்ற எல்லாக் கட்டங்களையும் அழகாக நிரப்பி, மொத்தத்தை மட்டும் காலியாக விட்டாலும் அதே கதிதான். குறைத்தும் எழுதிவிடாதீர்கள்: பின்னால் நீதிமன்றம் போக நேர்ந்தால், அப்போது புதிதாகத் தெரியவந்த ஆதாரம் இருந்தாலொழிய இந்தத் தொகைக்கு மேல் கேட்க முடியாது.

13ஏ-யில் கையெழுத்து. மறப்பவர்கள் இருக்கிறார்கள்.

படி 5: அனுப்பிய பிறகு

கெடு 2 ஆண்டு. தபாலில் போட்ட நாள் கணக்கில் வராது. அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்த நாள்தான் கணக்கு. விமான நிலையக் கேமராப் பதிவுகளை வருடக்கணக்கில் வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியாது என்பதால், மதிப்பீடுகள் வந்த வாரமே அனுப்பிவிடுவது நல்லது. அசல்களை உங்களிடம் வைத்துக்கொண்டு நகல்களை அனுப்புங்கள்.

கிளைம் பதிவானதும் ஓர் எண் தருவார்கள். அதன்பின் எதை அனுப்பினாலும் அந்த எண்ணைக் குறிப்பிடுங்கள். விசாரணைக்கு 6 மாதம் வரை ஆகலாம். இடையில் ஏதாவது ஆவணம் கேட்டுக் கடிதம் வந்தால் உடனே பதில் போடுங்கள். முடிவு வருவதற்கு முன் தொகையையோ விவரத்தையோ திருத்த வேண்டியிருந்தால் எழுத்தில் திருத்தலாம்.

பதில் மூன்று விதமாக வரும். கேட்டது முழுவதும் கிடைக்கலாம். குறைத்து ஒரு தொகை சொல்லி, ஏற்கிறீர்களா என்று கேட்கலாம். ஏற்றுக் கையெழுத்திட்டால் அதே சேதத்துக்கு மறுபடி கேட்க வழியில்லை. அல்லது நிராகரிக்கலாம். பணம் தருவதாக முடிவான பிறகுதான் வங்கிக் கணக்கு விவரம் தேவைப்படும். முதலிலேயே வங்கி எண்ணையும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் எழுதி அனுப்பாதீர்கள்.

நிராகரித்த கடிதம் அனுப்பப்பட்ட தேதியிலிருந்து 6 மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கலாம், அல்லது அமெரிக்க மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். 6 மாதமாகியும் பதிலே வரவில்லை என்றால் அதை நிராகரிப்பாகவே எடுத்துக்கொண்டு வழக்குக்குப் போகவும் சட்டம் இடம் தருகிறது. வக்கீல் கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு: அலுவலக அளவில் தீர்ந்தால் கிடைக்கும் தொகையில் 20 சதவீதம், வழக்குக்குப் பிறகு என்றால் 25 சதவீதம். 280 டாலருக்கு வழக்கு கட்டுப்படியாகாது. அதனால் மறுபரிசீலனைக் கடிதத்தில், மறுத்த காரணம் எதுவோ அதற்கு மட்டும் புது ஆதாரம் வையுங்கள். ‘சேதம் சோதனையின்போது ஏற்பட்டதாகத் தெரியவில்லை’ என்று எழுதியிருந்தால், நுரை இடம் மாறியதைக் காட்டும் படத்தையும், வெளியிலிருந்து விழுந்த அடியால் இந்த விரிசல் வந்திருக்காது என்று பட்டறைக்காரர் எழுதித் தந்தால் அந்தக் கடிதத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.