விநோதமாகத் தெரியும் ஆங்கிலச் சொல் பிழைதானா? திருத்துமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெய்ப்பு பார்க்கையில் ஓர் ஆங்கிலச் சொல் கண்ணை உறுத்தினால் கை உடனே திருத்தப் போய்விடுகிறது. சரியான சொல்லைக் கெடுத்துவிடுவது பெரும்பாலும் அந்த அவசரத்தில்தான்.

வடிவத்தைப் பார்த்துவிட்டுப் பொருளை விட்டுவிடுவதே முதல் தவறு. 'காஸ்ட்' என்ற வினைக்கு இறந்தகாலமும் 'காஸ்ட்'தான் என்று படித்திருக்கிறோம். 'காஸ்டட்' என்று கண்டதும் அடிக்கத் தோன்றும். 'இவ்வளவு விலை ஆனது' என்ற பொருளில் வந்திருந்தால் அடிக்கலாம். ஒரு திட்டத்துக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டார்கள் என்ற பொருளில் 'காஸ்டட்' என்பதே சரி. துணியைத் தொங்கவிட்டால் 'ஹங்', ஆளைத் தூக்கிலிட்டால் 'ஹேங்ட்'. 'ஃபிஷ்' பன்மையிலும் பொதுவாக அப்படியேதான் இருக்கும். பல மீன் இனங்களைப் பற்றிய கட்டுரையில் 'ஃபிஷஸ்' வரும். எனவே முழு வாக்கியத்தையும் படித்து, அதன் பொருளை ஒருமுறை தமிழில் சொல்லிப் பாருங்கள். பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

திரையில் பிழை என்று காட்டும் சிவப்பு அடிக்கோட்டைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மென்பொருள் அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தால் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல்களும் அடிக்கோடு வாங்கும். 'ஆர்கனைஸ்' என்பதில் இஸட் இருந்தாலே அமெரிக்க வழக்கு என்பதும் தவறு. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி இஸட் வடிவத்தையே முதன்மையாகத் தருகிறது. ஒரே நூலில் இஸட் வடிவமும் எஸ் வடிவமும் கலந்து வந்தால் மட்டுமே திருத்த வேண்டும்.

அகராதியில் இருப்பதாலேயே ஒரு சொல் சரியாகிவிடாது. பக்கத்தில் உள்ள குறிப்பையும் படிக்க வேண்டும். 'ரிகார்ட்லெஸ்' என்ற பொருளிலேயே வழங்கும் 'இர்ரிகார்ட்லெஸ்' மெரியம்-வெப்ஸ்டர் என்ற அமெரிக்க அகராதியில் உண்டு, தரமற்ற வழக்கு என்ற குறிப்போடு. அகராதியும் சறுக்கும்: 1934ஆம் ஆண்டு வெப்ஸ்டர் பதிப்பில் அடர்த்தி என்ற பொருளோடு 'டோர்ட்' என்ற சொல் ஏறிவிட்டது. பெரிய டி அல்லது சிறிய டி என்று பொருள்படும் 'D or d' என்ற சுருக்கக் குறிப்பை ஒரே சொல்லாகப் படித்ததன் விளைவு அது. முக்கியமான இடத்தில் இரண்டு அகராதிகளைப் பாருங்கள்.

இணையத் தேடலில் வரும் எண்ணிக்கையை நம்பவே கூடாது. 'இன்ஃபர்மேஷன்ஸ்' என்ற எழுத்துக்கூட்டலைத் தேடினால் ஏராளமாக வரும். பிரெஞ்சில் அது சரியான பன்மை, அந்தப் பக்கங்களும் சேர்ந்துவிடும். ஆங்கிலத்தின் பொது வழக்கில் 'இன்ஃபர்மேஷன்' என்பதற்குப் பன்மை இல்லை.

மேற்கோளுக்குள் இருக்கும் பழைய வடிவத்தைத் தொடாதீர்கள். இத்தனைக்குப் பிறகும் ஐயம் நின்றால், சொல்லை மாற்றாமல் ஓரத்தில் கேள்விக்குறி இட்டு எழுதியவரிடமே கேளுங்கள்.