ஓவியர்களுக்கு முன்னால் அசையாமல் இருப்பது எப்படி? புதிய மொடல்களுக்கான செய்முறை

ஆளுருவம் வரையப் பழகுகின்றவர்களுக்கு மொடலாக இருக்க முதன்முறை ஒப்புக்கொள்கின்றவர், அழகான தோற்றம் வேண்டுமே என்று தயங்குவதுண்டு. அந்தக் கவலை வேண்டாம்; கூனல் முதுகும் தொந்தியும் வரைபவருக்கு நல்ல வேலை கொடுப்பவை. வேண்டியது அசையாமல் இருக்கும் பழக்கம்.

போவதற்கு முன்பே ஏற்பாட்டாளரிடம் உடை, நேரம், பணம், கைத்தொலைபேசிப் படம் ஆகிய நான்கையும் பேசி முடித்துக்கொள்ளுங்கள். மேற்கத்தைய ஓவியப் பள்ளிகளில் உடையின்றி நிற்பது நெடுங்கால வழக்கமாயினும், யாழ்ப்பாணத்தில் சாறமோ சேலையோ உடுத்தபடி இருக்கத் தாராளமாகக் கேட்கலாம். பருத்திச் சேலையின் மடிப்புகளே ஒரு நாள் பாடத்துக்குப் போதும். படம் எடுக்கக்கூடாது என்பதை மட்டும் எழுத்திலே வாங்கிவிடுங்கள். தெரிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

வகுப்பு பெரும்பாலும் 30 விநாடி, 1 நிமிடம், 2 நிமிடம் என்று குறுகிய நிலைகளோடு தொடங்கும். வலை இழுப்பது, துலா மிதிப்பது, பனையில் ஏறுவது போன்ற நிலைகளை இப்போது துணிந்து கொடுக்கலாம். கை உளையத் தொடங்குமுன் நேரம் முடிந்துவிடும்.

ஆளைச் சோதிப்பது நீண்ட நிலைதான். 20 நிமிடம் இருந்து, 5 நிமிடம் ஆறி, மறுபடியும் அதே நிலைக்குத் திரும்ப வேண்டியிருக்கும். என் முதல் நாளில் வலக்கையைத் தலைக்கு மேல் உயர்த்தி நின்றேன். விரல்கள் விறைத்ததை உணர்ந்தேனே தவிர, கை மெல்ல இறங்கிக்கொண்டிருந்ததை அறியவில்லை. இடைவேளையில் எட்டிப் பார்த்தபோது, ஒரு மாணவியின் தாளில் என் முழங்கை மூன்று இடங்களில் அழித்து அழித்து வரையப்பட்டு, கரி அப்பிக் கிடந்தது.

ஆகவே நீண்ட நிலையில் கை நெஞ்சுக்கு மேலே போக வேண்டாம். நிற்பதாயின், கோயில் விக்கிரகங்களில் உடல் மூன்று இடங்களில் வளைந்து நிற்கும் திரிபங்கத்தைப் போலப் பாரத்தை ஒரு காலில் இறக்குங்கள். அந்தப் பக்கத்து இடுப்பு உயர்ந்து தோள் தாழும், வரைபவருக்கும் அது பிடிக்கும். முழங்காலை மட்டும் விறைப்பாக நீட்டிப் பூட்டிக்கொள்ளாதீர்கள். கெண்டைக்கால் தசைகள் இயங்காவிட்டால் இரத்தம் கால்களிலே தேங்கி, மூளைக்குப் போவது குறைந்து மயக்கம் வரும். சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் இன்னும் விரைவாக வரும். வெளியே தெரியாதபடி அந்தத் தசைகளை இறுக்கித் தளர்த்திக்கொண்டிருங்கள். தலை சுற்றினால் நிலையை விட்டு உடனே உட்கார்ந்துவிடுங்கள்.

இடைவேளைக்குப் பின் அதே நிலைக்குத் திரும்ப, நிலை எடுத்தவுடன் பாதங்களைச் சுற்றியும், கதிரையாயின் அதன் கால்களைச் சுற்றியும் வெண்கட்டியால் கோடு போடச் சொல்லுங்கள். பார்வைக்குச் சுவரில் ஓர் ஆணியைத் தேர்ந்தெடுங்கள். பல்லி உதவாது, அது போய்விடும்.

நேரம் முடிந்ததும் துள்ளி இறங்காமல், விறைத்த காலைக் கையால் உருவிவிட்டு, கதிரையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்குங்கள்.