பழைய புல்லட்டின் பிரைமரி செயின் கேஸில் எந்த ஆயில் ஊற்றுவது?

முதலில் உங்கள் வண்டி எதுவென்று பாருங்கள். 2009-இல் வந்த கிளாசிக் மாதிரி யுசிஇ எஞ்சின் (எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருப்பது) என்றால் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான், உங்களுக்கு இந்த வேலையே இல்லை. வலது காலால் கியர் போடும் காஸ்ட் அயர்ன் புல்லட்டில் இடதுபக்க பிரைமரி செயின் கேஸுக்கு, அதாவது எஞ்சினிலிருந்து கிளட்சுக்குப் போகும் செயின் இருக்கும் பெட்டிக்கு, தனி ஆயில். செயின், கிளட்ச், மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் எல்லாம் அதில்தான் ஊறுகின்றன.

சிக்கல் இதுதான்: செயினுக்கு வழுக்க வேண்டும், கிளட்ச் பிளேட்டுக்குப் பிடிக்க வேண்டும். அதனால் டப்பாவைத் திருப்பி ஜாசோ (ஜப்பானியத் தர முத்திரை) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா பாருங்கள். எம்பி என்றால் வைத்துவிடுங்கள், அது ஸ்கூட்டருக்கு. 'ரிசோர்ஸ் கன்சர்விங்' என்று போட்ட கார் ஆயிலும் வேண்டாம், அதில் உராய்வைக் குறைக்கும் சரக்கு கலந்திருக்கும். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் எஞ்சின் கத்தும், வண்டி நகராது. 90 நம்பர் கியர் ஆயில் ஊற்றச் சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், கேட்காதீர்கள்.

என் தேர்வு சாதாரண மினரல் 20டபிள்யூ50, எம்ஏ2. இங்கே சிந்தெடிக் ஊற்றுவது காசைக் கரைப்பது. வெளிநாட்டு புல்லட்காரர்கள் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் கார்களுக்கான ஆயில்) டைப் எஃப் ஊற்றுகிறார்கள். மெலிசானது, குளிரில் பிளேட் ஒட்டாது, நல்ல யோசனைதான். ஆனால் நம் கடைகளில் ஏடிஎஃப் என்று கேட்டால் பெரும்பாலும் டெக்ஸ்ரான் வகையைத்தான் எடுத்துத் தருவார்கள், அது வேறு.

இனி வேலை. சென்டர் ஸ்டாண்டு போட்டு, இடது ஃபுட்ரெஸ்ட்டையும் பிரேக் பெடலையும் கழற்றுங்கள். கீழே அகலமான தட்டு வையுங்கள், மூடியை இழுத்ததும் ஆயில் மொத்தமாகக் கொட்டும். திறந்த கையோடு ஆல்டர்னேட்டர் காந்தத்தில் ஒட்டியிருக்கும் இரும்புத்தூளைத் துடையுங்கள், செயின் தொய்வையும் பாருங்கள். ஆறு மில்லிமீட்டர் போல இருக்கலாம்.

மூடுவதில்தான் என் பொறுமை போனது. அந்த மூடி முழுவதையும் நடுவில் ஒரே ஒரு நட்டு பிடிக்கிறது, சுற்றிலும் ரப்பர் சீல். ஒழுகினால் நட்டை இன்னும் முறுக்கத் தோன்றும். முறுக்கினால் மூடி வளையும், ஒழுக்கு அதிகமாகும். பழைய சீலைத் தூக்கிப்போட்டுப் புதிது வாங்குங்கள், பள்ளத்தை மண் இல்லாமல் துடையுங்கள், கையால் அழுத்தி எல்லாப் பக்கமும் சமமாக உட்கார்ந்த பிறகு நட்டை அளவாக இறுக்குங்கள். சிலிக்கான் பூசும் பழக்கம் எனக்குப் பிடிக்காது, அடுத்த முறை சுரண்டியே கை ஓய்ந்துவிடும்.

லெவல் ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு மேல் துவாரத்தில் மெதுவாக ஊற்றுங்கள். புனலைவிட மாட்டுக்கு ஊசி போடும் பெரிய சிரிஞ்சு நல்லது. அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். லெவல் துளையில் ஒழுகத் தொடங்கி, அது சொட்டாகக் குறைந்ததும் ஸ்க்ரூவைப் போடுங்கள்.

பிற்சேர்க்கை: தப்பான ஆயில் ஊற்றிவிட்டோம், மாற்றியும் சிலிப் ஆகிறது என்று சிலர் கேட்டார்கள். பிளேட்டில் ஊறியது வடித்தால் போகாது. கழற்றி பெட்ரோலில் கழுவிக் காயவைத்துப் போடுங்கள், அதற்கும் கேட்கவில்லை என்றால் புது பிளேட்தான். இன்னொருவருக்கு ஊற்றாமலேயே செயின் கேஸில் ஆயில் ஏறுகிறதாம். அது எஞ்சினிலிருந்து கசிந்து வரும் ஆயில், கிராங்க் தண்டைச் சுற்றியுள்ள சீலைப் பாருங்கள்.