கார்ன் சிரப் இல்லாமல் மிட்டாயும் கேக்கும்

வெளிநாட்டுச் சமையல் குறிப்பில் கார்ன் சிரப் (சோளமாவிலிருந்து எடுக்கும் இனிப்புப் பாகு) என்று இருந்தால், பினாங்கு முழுக்க அதைத் தேடி அலைய வேண்டாம். பேக்கிங் சாமான் விற்கும் கடையில் குளுக்கோஸ் சிரப் கேளுங்கள். சீனிப்பாகு மறுபடி பூத்துப்போகாமல் (சீனிப் படிகமாகிவிடாமல்) தடுக்கும் அதே வேலையை இதுவும் செய்யும். சற்றுக் கெட்டியானது; கரண்டியைத் தண்ணீரில் நனைத்து எடுத்தால் அவ்வளவாக ஒட்டாது.

பை (pie), குக்கி வகைகளுக்குக் கரும்புச் சீனியில் செய்த பொன்னிறப் பாகான கோல்டன் சிரப்பை அதே அளவு ஊற்றலாம். நிறமும் வாசனையும் கூடும், எனக்கு அதுதான் பிடிக்கும்.

கடின மிட்டாய்க்குத் தேன் மட்டும் வேண்டாம். பாகு ஏறக்குறைய 150 டிகிரி செல்சியஸ் வரை காய வேண்டும். தேன் அதற்கு முன்பே கருகத் தொடங்கிவிடும். போதாததற்கு, அதிலுள்ள ஃபிரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தைத்தான் தெரியுமே, மிட்டாய் பிசுபிசுத்துவிடும். குலா மலாக்கா (தென்னை வெல்லம்) பாகு கேக்குக்கு அருமை. ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் சுக்ரோஸ், அதாவது சாதாரணச் சீனிதான், பூப்பதைத் தடுக்காது.

சரி, வீட்டில் ஒன்றுமே இல்லையா? 2 கப் சீனிப் பாகில் 1 தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டுக் காய்ச்சுங்கள். கொதி வந்தபின் கிளறாதீர்கள். பால் சேர்க்கும் கேரமலுக்கு இது ஆகாது, திரிந்துவிடும்.