மௌனப்படத் துண்டுகளைக் கையாள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய மௌனப்படக் காட்சிகளை ஆவணப்படத்தில் சேர்க்க வரும் புதியவர்கள், நான் அன்று விழுந்த பள்ளங்களையே தேடிப்பிடித்து விழுகிறார்கள். பெயர்ப்பலகையில் எழுத்துப்பிழை, படத்தை இடவலமாகத் திருப்பிவிடுவது போன்றவை யாராவது சிரித்ததும் தானாகத் திருந்திவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வேகம்

இதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. சினிமாவின் முன்னோடிகளான பிரான்சின் லூமியேர் சகோதரர்களின் கேமராவில் மோட்டார் கிடையாது. கைப்பிடியை நொடிக்கு இரண்டு சுற்று சுற்றினால் ஏறக்குறைய 16 பிரேம்கள், அதாவது தனித்தனி நிலைப்படங்கள், பதிவாகும். அதை இன்றைய 24 பிரேமில் ஓட்டினால் ஒரு நிமிடக் காட்சி 40 நொடியில் முடிந்துவிடும்.

அண்மையில் ஒரு திரையிடலில், இங்கிலாந்தின் லங்காஷைர் ஆலைத் தொழிலாளர்கள் வேலை முடிந்து வாசலுக்கு வரும் காட்சி. நாளெல்லாம் தறியோடு நின்ற பெண்கள் சாவி கொடுத்த பொம்மைகளாகத் துள்ளி வந்தார்கள். அரங்கம் சிரித்தது. தொகுத்த தம்பியைக் கேட்டேன். "அந்தக் காலத்துப் படம் அப்படித்தானே சார் இருக்கும்?" என்றார். அந்த வேகத்துக்கே இசையும் சேர்த்தாகிவிட்டது. சரிசெய்தபோது காட்சி ஒன்றரை மடங்கு நீண்டது. இசைக்கும் வர்ணனைக்கும் மறுபடி செலவு.

அதற்காக எல்லாவற்றையும் 16-இல் ஓட்டவும் கூடாது. சுற்றியவரின் கை ஒரே சுருளுக்குள்ளேயே வேகம் மாறும். மனிதர்களின் நடையையும் நம்பாதீர்கள், அவசரக்காரர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. எறிந்த தொப்பி விழுவதையும் சுவரிலிருந்து சிறுவன் குதிப்பதையும் பாருங்கள். புவியீர்ப்பு 1901-லும் இதேதான். வேகம் 16 என்று தெரிந்தால், ஒன்று விட்டு ஒரு பிரேமை இருமுறை வையுங்கள், 24 கிடைத்துவிடும். இடைப் பிரேம்களை மென்பொருளின் கற்பனைக்கு விட்டால், கையசைக்கும் சிறுவனின் விரல்கள் ஒட்டிக்கொள்ளும்.

வண்ணம் பூசுதல்

வேண்டாம்.

மறைந்திருந்து எடுத்ததாக எழுதுதல்

1895-இல் லூமியேர் சகோதரர்கள் தங்கள் லியோன் தொழிற்சாலை வாசலில் எடுத்த படத்துக்கே மூன்று வடிவங்கள் உண்டு. ஒன்றில் வண்டிக்கு ஒற்றைக் குதிரை, ஒன்றில் இரண்டு, ஒன்றில் குதிரையே இல்லை. தொழிலாளர்களுக்கு முன்னால் நின்றது முதலாளியின் கேமரா. லங்காஷைரின் பிளாக்பர்ன் நகரில் படமெடுத்த மிட்செல், கென்யன் இருவரின் ஆலைவாசல் படங்கள் பலவற்றை எடுக்கச் சொன்னவர்கள் ஊர் ஊராகப் படம் காட்டியவர்கள். தன் முகத்தைத் திரையில் பார்க்க எவரும் டிக்கெட் வாங்குவார் என்பது அவர்கள் கணக்கு. கூட்டத்தை ஏன் கேமராவுக்கு நெருக்கமாக வரவிட்டார்கள் என்று இப்போது புரியும். வர்ணனையில் "இயல்பு வாழ்க்கை" என்று எழுதும்முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அகலத்திரைக்காக வெட்டுதல்

தலையில் தொப்பியும் காலில் மரக்கட்டைச் செருப்பும்தான் முதலில் போகும்.