மலைக் குளிரில் கொம்புச்சா: ஈஸ்டும் பூசணமும்

மூணாறு, தேவிகுளம் பக்கத்து வீடுகளில் தேயிலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் கொம்புச்சா என்னும் புளித்த தேநீரை இங்கே வீட்டில் தயாரிப்பவர்கள் ஈஸ்டைவிடக் குளிருக்கே அதிகம் அஞ்ச வேண்டும். கள் ஊற்றிய ஆப்ப மாவில் நடப்பதைப் போலவே, ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்ற, அந்த ஆல்கஹாலை அசிட்டிக் பாக்டீரியா புளிப்பாக்குகிறது. அந்தப் புளிப்பே பானத்தின் காவல். 25 டிகிரி வெப்பத்தில் அது விரைவில் ஏறிவிடும். மார்கழி, தை மாதங்களில் தாமதமாகும்போதுதான் பூசணம் இடம்பிடிக்கிறது.

ஆகவே உறையாக ஊற்றும் பழைய கொம்புச்சாவில் சிக்கனம் கூடாது. 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், 1 லிட்டர் தண்ணீரைச் சில நிமிடம் கூடுதலாகக் கொதிக்கவிட்டு, 2 தேக்கரண்டி தேயிலைத் தூளும் 80 கிராம் சர்க்கரையும் சேர்த்து வடிகட்டி, முழுவதும் ஆறிய பின்பு, நன்கு புளித்த பழைய கொம்புச்சாவை 150 மில்லி ஊற்ற வேண்டும். தாய்ப்படலத்தை, அதாவது பழைய கொம்புச்சாவின் மேல் படரும் தடித்த ஏட்டை, போட்டால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். அது பாக்டீரியா நெய்த செல்லுலோஸ்தான், தொடக்கத்திலேயே புளிப்பைத் தருவது பழைய கொம்புச்சா நீர். அதையும் ஈஸ்ட் தங்கியிருக்கும் அடி வண்டலிலிருந்து எடுக்காமல் மேற்பகுதியிலிருந்து எடுப்பதே நல்லது. புளிப்பை அளக்கும் பிஹெச் தாளில் (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) தொடக்க அளவு 4.5க்குக் கீழே இருக்க வேண்டும்.

கண்ணாடி ஜாடியைப் பயன்படுத்தி, நெருக்கமாக நெய்த துணியால் வாயைக் கட்டுங்கள். பழைய ஊறுகாய்ப் பரணி வேண்டாம். அதன் மெருகுப் பூச்சில் ஈயம் இருந்தால் புளிப்பு அதைக் கரைத்தெடுத்துவிடும்.

அடியில் தொங்கும் பழுப்பு நார்கள் ஈஸ்ட், அவற்றால் தீங்கில்லை. மேலே சுருக்கம் விழுந்து மாவு பூசியது போலப் படரும் வெள்ளை ஏடும் ஒருவகை ஈஸ்ட்தான். நச்சில்லை என்றாலும் சுவையைக் கெடுக்கும். உலர்ந்து, பஞ்சுபோல் மயிர்விட்டு, வெள்ளையாகவோ பச்சையாகவோ கறுப்பாகவோ வட்டமிட்டிருப்பது பூசணம். அதைச் சுரண்டிவிட்டுக் குடிக்கக் கூடாது. படலத்தோடு எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும். ஒரு தை மாதத்தில், மூன்றாண்டு காத்த படலத்தை நான் அப்படிக் கொட்டினேன். மனம் வலித்தது, ஆனால் வேறு வழியில்லை.

சமவெளியில் ஒரு வாரத்தில் முடிவது இங்கே இரண்டு வாரத்தைத் தாண்டலாம். பிஹெச் 3ஐ ஒட்டி வந்ததும் குளிர்பெட்டியில் வையுங்கள். மூடிய பாட்டிலிலும் ஈஸ்ட் உழைப்பதை நிறுத்தாது. சர்க்கரை மிஞ்சியிருந்தால் வாயு திரண்டு பாட்டில் வெடிக்கக்கூடும், ஆல்கஹாலும் 0.5 விழுக்காட்டைத் தாண்டக்கூடும். அதனால் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் நோயெதிர்ப்பு குன்றியவர்களுக்கும் கொடுக்க வேண்டாம். 1995இல் அமெரிக்காவின் அயோவாவில் இதைக் குடித்துவந்த இரு பெண்களுக்கு இரத்தத்தில் அமிலம் கடுமையாக மிகுந்து, ஒருவர் இறந்தார். இதுவே காரணம் என்று நிறுவப்படவில்லை என்றாலும், நலமாயிருப்பவர்களும் நாளொன்றுக்கு 120 மில்லியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.