ஏறும் சந்தையில் முதலீடும் இரவில் கையில் கட்டும் பேண்டும்

நம் பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீடான நிஃப்டியை வைத்து குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் நடக்கும் வர்த்தகம், அதாவது கிஃப்ட் நிஃப்டி, இரவு 2.45 வரை ஓடுகிறது. அமெரிக்கச் சந்தை நம் நேரத்துக்கு இரவு 7 அல்லது 8 மணிக்குத்தான் திறக்கிறது. சந்தை ஏறுமுகமாக இருக்கும் காலத்தில் விழித்திருக்கக் காரணம் தேடுபவருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? எங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருக்கிறார். திருப்பூரில் நூல் வியாபாரம். தலையணைக்குப் பக்கத்தில் போன், கையில் தூக்கத்தை அளக்கும் பேண்ட். நான் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்ப்பவள். பணத்தைப் பற்றியும் சரி, அந்த பேண்டைப் பற்றியும் சரி, சொந்தக்காரர்கள் கேட்பதெல்லாம் என்னிடம்தான். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் பணம். சந்தை ஏறும்போது செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: விகிதத்தைச் சரிபார்ப்பது. 10 லட்சத்தில் 6 லட்சம் பங்கு ஃபண்டிலும் 4 லட்சம் எஃப்.டி., பி.பி.எஃப். போன்றவற்றிலும் வைத்து ஆரம்பித்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சில வருடங்களில் 6 லட்சம் 9 லட்சமாகிறது, 4 லட்சம் நாலரையாகிறது. மொத்தம் பதிமூன்றரை லட்சம். இப்போது அதில் பங்கு ஃபண்டின் அளவு கிட்டத்தட்ட 67 சதவீதம். நீங்கள் எதையும் புதிதாக வாங்கவில்லை, ஆனால் ஆபத்து கூடிவிட்டது. திரும்ப 60க்கு வர 90,000 ரூபாயை எஃப்.டி. பக்கம் மாற்ற வேண்டும்.

அதற்கு விற்கத்தான் வேண்டும் என்றில்லை. சம்பளத்தில் மிஞ்சுவதையும் போனஸையும் சில மாதங்களுக்கு எஃப்.டி. பக்கம் திருப்பினாலே விகிதம் இறங்கும். விற்றாலும் பெரிய இழப்பில்லை. மேலே சொன்ன கணக்கில் 90,000க்கு யூனிட் விற்றால் லாபம் ஏறக்குறைய 30,000 ரூபாய். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த பங்கு ஃபண்டுகளில், நிதியாண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் லாபம் வரை வரி கிடையாது. அதற்கு மேல் 12.5 சதவீதம். ஒரு வருடத்துக்குள் விற்றால் 20 சதவீதம், பல ஃபண்டுகளில் சீக்கிரம் வெளியேறுவதற்கான கட்டணமாக 1 சதவீத எக்ஸிட் லோடும் சேரும். 2024 ஜூலை 23 முதல் நடப்பில் உள்ள விகிதம் இது. ஒவ்வொரு பட்ஜெட்டுக்குப் பிறகும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா பையன் போன மாதம் கேட்டான்: "சித்தி, எல்லாத்தையும் இப்ப வித்துட்டு, இறங்கினதும் வாங்கினா என்ன?" எப்போது இறங்கும் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். சிரித்தான். உச்சத்தைக் கண்டுபிடிப்பது நம் வேலை இல்லை, இறங்கினால் தாங்குவோமா என்று பார்ப்பதுதான் நம் வேலை. 2008 ஜனவரியில் 6,300ஐத் தாண்டிய நிஃப்டி அதே அக்டோபரில் ஒரு கட்டத்தில் 2,300க்குக் கீழே போனது. 2024 செப்டம்பரில் 26,277ஐத் தொட்டது, ஆறு மாதத்துக்குள் 22,000க்குக் கீழே வந்து எட்டிப்பார்த்தது. 2008 மாதிரி இறக்கம் வந்தால் உங்கள் 9 லட்சம் மூன்றேகால் லட்சமாகிவிடும். அந்தத் தொகையை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வயிற்றைக் கலக்கினால் 60 சதவீதமே உங்களுக்கு அதிகம்.

மூன்று வருடத்துக்குள் வேண்டிய பணம், அதாவது பிள்ளையின் காலேஜ் ஃபீஸ், வீட்டு அட்வான்ஸ் போன்றவை, இப்போதே வெளியே வந்துவிட வேண்டும். ஏறும் சந்தை தரும் நல்ல வாய்ப்பே இதுதான், லாபத்தோடு எடுக்கலாம். மாதாமாதம் ஃபண்டில் போடும் எஸ்.ஐ.பி.யை மட்டும் நிறுத்தாதீர்கள்.

சிறிய நிறுவனப் பங்குகளை வாங்கும் ஸ்மால்கேப் ஃபண்டில் புதிதாகப் போடத் தோன்றினால், முதலில் அந்த ஃபண்டின் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் கணக்கைத் திறந்து பாருங்கள். 2024 மார்ச்சிலிருந்து வெளியிடுகிறார்கள். கையிலுள்ள பங்குகளில் கால்வாசியையும் பாதியையும் விற்றுத் தீர்க்க எத்தனை நாள் ஆகும் என்று அதில் இருக்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு ஓடினால் என்ன ஆகும் என்பது அதிலேயே புரியும். எஃப் அண்ட் ஓ, அதாவது பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று ஒப்பந்தம் போட்டு ஆடும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பற்றி நான் விளக்கம் சொல்வதில்லை. 2022 நிதியாண்டிலிருந்து மூன்று வருடங்களில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே சொல்லிவிட்டது. டெலிகிராம் டிப்ஸ் குரூப்புக்கும் அதே பதில்தான்.

இனி பேண்ட். உள்ளே இருப்பது பச்சை விளக்கும் ஒரு அசைவு உணரியும். தோலுக்கடியில் ஓடும் ரத்தத்தில் ஒளி பட்டுத் திரும்புவதை வைத்து நாடித்துடிப்பைக் கணக்கிடுகிறது. சிவப்பு, அகச்சிவப்பு விளக்கு இருந்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவையும் சொல்லும். எப்போது படுத்தீர்கள், மொத்தம் எவ்வளவு நேரம் தூங்கினீர்கள் என்பதில் ஓரளவு நம்பலாம். ஆடாமல் விழித்துக் கிடந்தால் அதையும் தூக்கம் என்று எழுதிவிடும், அது வேறு. 'ஆழ்ந்த தூக்கம் 48 நிமிடம்' என்பதெல்லாம் யூகம். தூக்கத்தின் கட்டங்களைச் சரியாகப் பிரிக்க மூளையின் மின் அலைகளைப் பார்க்க வேண்டும். அது மணிக்கட்டில் கிடைக்காது.

கட்டும் முறை: மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, அதிகம் புழங்காத கையில். நகராத அளவுக்குப் பிடிப்பாக, ஆனால் காலையில் தடம் பதியாத அளவுக்கு. தளர்ந்தால் வெளிச்சம் கசிந்து எண்கள் தாறுமாறாகும். அதே இடத்தில் பச்சை குத்தியிருந்தால் மறு கைக்கு மாற்றுங்கள். படுக்குமுன் ஸ்லீப் மோடை இயக்கி, அறிவிப்புகளையும் எப்போதும் எரியும் திரையையும் அணைத்துவிடுங்கள். பங்குச் செயலியின் அறிவிப்பு பேண்டுக்கு வரவே கூடாது. எங்கள் வீட்டில் ராத்திரி ஒரு மணிக்கு அவர் மணிக்கட்டு அதிர்ந்தால் எழுந்து உட்காருவது நான்தான். சார்ஜ் போடக் குளிக்கும் நேரம் போதும். ரப்பர் பட்டையில் வியர்வையும் சோப்பும் தங்கித்தான் அரிப்பு வருகிறது. அதைக் கழுவித் துடைத்து, தோல் காய்ந்தபின் கட்டுங்கள். அப்படியும் சிவந்தால் துணிப்பட்டைக்கு மாறிவிடுங்கள்.

காலையில் எழுந்ததும் பேண்ட் போடும் தூக்க ஸ்கோரைப் பார்ப்பது கெட்ட பழக்கம். நன்றாகத் தூங்கியவர்கூட 62 என்று பார்த்ததும் களைத்துப்போகிறார். ஸ்கோரைத் துரத்தியே தூக்கம் கெடுபவர்களுக்கு ஆய்வாளர்கள் 2017இல் 'ஆர்த்தோசோம்னியா' என்று ஒரு பெயரே வைத்தார்கள்.

அதனால் நான் சொல்வது: மாதத்தின் முதல் ஞாயிறு, ஒரே நோட்டு. இடது பக்கம் பங்கு ஃபண்டுக்கும் எஃப்.டி., பி.பி.எஃப். போன்றவற்றுக்கும் உள்ள விகிதம். வலது பக்கம் மூன்று எண்கள்: சராசரியாகப் படுத்த நேரம், தூங்கிய நேரம், ஓய்வு நாடித்துடிப்பு. மற்ற நாட்களில் இரண்டையும் திறக்க வேண்டாம். சந்தை ஏற ஏறப் படுக்கும் நேரமும் 11லிருந்து 12, 12.30 என்று தள்ளிப்போகிறதா? பங்கு ஃபண்டின் அளவைக் குறைக்க வேண்டும், அல்லது போனை ஹாலில் வைக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். நாடித்துடிப்பு மட்டும் ஏறியிருந்தால் உடனே சந்தையைக் குறை சொல்லாதீர்கள். காய்ச்சல், மது, நேரங்கழித்துச் சாப்பிட்ட பரோட்டா எல்லாமே அதை ஏற்றும்.

ஒன்றுக்கு மட்டும் ஞாயிறுவரை காத்திருக்க வேண்டாம். பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுவது, பகலில் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகுவது இருந்தால் டாக்டரிடம் போங்கள். ஆக்சிஜன் அளவு பல இரவுகள் 90 சதவீதத்துக்குக் கீழே காட்டினாலும் அப்படியே. தூக்கப் பரிசோதனை வேண்டுமா என்று அவர் சொல்வார். பேண்ட் 'எல்லாம் சரி' என்று காட்டினாலும் இந்த அறிகுறிகள் இருந்தால் போய்த்தான் ஆக வேண்டும். போகும்போது ஸ்கிரீன்ஷாட்டோடு, பக்கத்தில் படுப்பவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். குறட்டையைப் பற்றி அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.